ஜீவாளியும் பௌதிகமும்

கல்லூரியில் வாத்தியாராக இருக்கும் நண்பர் ஒருவர் மூன்று புஸ்தகங்களை என் மேஜைமேல் வைத்தார். சரித்திரமும் இலக்கியமும் படிக்கிற பிள்ளைகளுக்குச் சங்கீதத்தின் பௌதிகத்தைச் சொல்லித்தர வேண்டுமாம்.

"எதைப் பாடமாக வைக்கலாம்? நீர் கணக்கு வராதவர். உமக்குப் புரிந்தால் அவர்களுக்கும் புரியும்" என்றார்.

அவர் சொன்னது வாஸ்தவம்தான். பள்ளிக்கூடத்தில் சோனாமீட்டர் கம்பியைத் தட்டிச் சூத்திரம் எழுதியவன் நான். சாயங்காலம் வீட்டில் அக்கா ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தித் தம்புராவின் நாதத்தைத் தேடிக்கொண்டிருப்பாள். அங்கேயும் அதிர்வது கம்பிதான் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. நான் பௌதிகத்தை விட்டு ஓடியதற்குக் கணக்கைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்த மௌனம்தான் காரணம்.

முதல் புஸ்தகம், ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் வெளியிட்டது. பெரிய மலை. வாத்தியார் ஏறலாம்; பிள்ளைகளை ஏறச் சொல்வது பாவம். இரண்டாவது, ஜேம்ஸ் ஜீன்ஸ் 1937-ல் எழுதியது. வான சாஸ்திரி, ஆர்கன் வாசித்தவர், நடை பளிங்கு. இரண்டே இரவில் முடித்துவிட்டேன். முடித்தபோது கேட்பதற்கு ஒரு கேள்விகூட மிஞ்சவில்லை. பாடப் புஸ்தகத்துக்கு இது குறை என்றே எனக்குப் படுகிறது. மூன்றாவது, ஆர்தர் பெனாட் 1960-ல் எழுதிய சிறிய புஸ்தகம். அவரும் கிளாரினெட் வாசித்தவர். ஊதுகருவியை நீயே செய்து பார் என்று வழி சொல்லித் தருகிறார். என் ஓட்டு இவருக்குத்தான்.

ஆனாலும் மூன்றிலும் அக்காவின் கேள்விக்குப் பதில் இல்லை. அது சி.வி. ராமனிடம் இருந்தது. கம்பியைச் சரிபாதியில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்தொனிகள் கேட்கக் கூடாது என்பது விதி. தம்புராவில் அவை கேட்கின்றன! வளைந்த குதிரையும் ஜீவாளியும் செய்கிற வேலை அது என்று கல்கத்தாவில் இருந்தபோது, 1921-ல், ராமன் எழுதினார். அதற்கு முந்திய வருஷம், மிருதங்கத்தின் மேல்தொனிகள் சுருதியோடு இசைவதைப் பற்றி எழுதியிருந்தார். வலந்தலையில் அப்பும் கரணையின் கைங்கரியம் அது.

பிள்ளைகள் முதலில் விதியைப் படிக்கட்டும். பிறகு தம்புரா அதை மீறுவதைக் காதால் கேட்கட்டும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள். அந்த 'ஏன்' பிறக்காத வகுப்பில் எந்தப் புஸ்தகத்தை வைத்தால் என்ன?

நண்பர் புறப்பட்டபோது, புஸ்தகங்களோடு அக்காவின் தம்புராவையும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.