டி-க்கு நிபந்தனை: நம் மரபின் கிளைகள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. ஜெனரிக் கிளாஸில் டி என்னும் டைப் பாராமீட்டருக்கு நிபந்தனை விதிப்பதில் நம் மன்றத்துக்கென்று ஒரு நிலைப்பாடு உண்டு. அதை வகுத்த மூத்தவர்கள் இன்றும் நம் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்கிறார்கள்.

இந்த நிபந்தனை மரபின் கிளைகள் உறுப்பினர்கள் அறிந்தவையே. 1970களில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் சிஎல்யூ மொழியில் ‘வேர்’ (where) வரியைத் தந்தார்கள். பெர்த்ரான் மெயரின் ஐஃபல் மொழி, இன்ஹெரிட்டன்ஸையே நிபந்தனையாக்கியது. டி-யின் நிபந்தனையிலேயே டி இடம்பெறும் எஃப்-பவுண்ட் 1989இல் எழுதப்பட்டது. ஜாவா 5 அதை 2004இல் எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. சி பிளஸ் பிளஸில் இதே வேலைக்கான கான்செப்ட்ஸ் 2009இல் வரைவிலிருந்து நீக்கப்பட்டு, 2020 பதிப்பில்தான் நிலைபெற்றது. கோ மொழியில் ஜெனரிக்ஸே 2022இல்தான் வந்தது.

ராயபுரத்தில் மாலை வகுப்பு நடத்திய எங்கள் ஆசிரியர் சி ஷார்ப் வழிக்காரர். ஜாவாவில் கம்பைல் ஆனதும் டி அழிந்துவிடும். சி ஷார்ப்புக்காக கென்னடியும் சைமும் வடிவமைத்த முறையில் ஓடும்போதும் அது தெரியும். அவர் இந்த வழியைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். பாடம் எல்லாம் துறைமுகத்திலிருந்தே வரும். யார்டில் கனமான பெட்டி கீழே, லேசானது மேலே. அந்த அடுக்குக்கு ஜெனரிக் கிளாஸ் எழுதச் சொன்னால், புதியவர்கள் டி என்பது கன்டெய்னராக இருக்க வேண்டும் என்று எழுதுவார்கள். அவர் அடித்துவிடுவார். அடுக்குக்குத் தேவை எடை. ஆகவே எடை சொல்லத் தெரிந்த இன்டர்ஃபேஸை மட்டும் கேட்க வேண்டும். உள்ளே கூப்பிடாத மெத்தடை நிபந்தனையில் கேட்கக் கூடாது, கூப்பிடுவதைக் கேட்காமல் விடவும் கூடாது என்பதே அவர் வகுத்த அளவுகோல். அதைவிடச் சிறந்த ஒன்றை இதுவரை நான் கண்டதில்லை.

இன்று எழுதுகிறவர்களில் யாரையும் குறிப்பிட்டுச் சொல்ல நான் வரவில்லை. திறமைசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் டி-யை வெறுமனே விட்டுவிட்டு, உள்ளே போய் டைப் பார்த்து காஸ்ட் செய்யும் வழக்கம் பரவிவிட்டது. கம்பைலர் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டிய பிழை, எண்ணூரில் கப்பல் கட்டி நிற்கும் நள்ளிரவில் வந்து விழுகிறது. ரிவ்யூ செய்கிறவரும் கேட்பதில்லை. நேர்காணலிலும் கேட்பதில்லை. கல்லூரியில் ஒரு மதிப்பெண் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. ஒரு தலைமுறையே நிபந்தனையை அலங்காரமாக நினைக்கப் பழகிவிட்டது. நம் தொழிலின் மற்ற சீர்கேடுகளில் பாதிக்கும் மேல் இங்கிருந்தே தொடங்குகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே, மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இளைஞர்கள் எழுதிய ஜெனரிக் கிளாஸ்களை அவர்கள் முன் வாசிக்க வையுங்கள்.