வெல்லெஸ்லி வீடும் கோணேசர் கல்லும்

பழைய கட்டடமொன்றின் பெருமையை அதில் தங்கிய விருந்தினரைக் கொண்டு அளத்தல் பொருந்துமோ? திருகோணமலைப் பிரட்ரிக் கோட்டையுள், ஆதர் வெல்லெஸ்லி 1800-1801இல் தங்கியதாகக் கூறப்படும் வீடொன்று உளது. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் என்பது பற்றியே அவ்வீடு போற்றப்படுகின்றது.

ஆயின், அதனைச் சூழ்ந்த மதில் வேறு கதை கூறும். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்கு ஆக்கினர். வாயிலில் இணைக்கயல் பொறித்த கல்லும் தமிழ்க் கல்வெட்டும் அதற்குச் சான்று. கல் கோட்டையிற் சிறைப்பட்டது. வழிபாடோ தம்பலகாமத்து வயல்களிடையே ஆதிகோணநாயகர் கோயிலாகத் தழைத்தது. ஆதலின், தம்பலகாமத்தை விலக்கிய கோட்டை வரலாறு பாதி வரலாறே.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், உவிற்னி என்னும் கிறியோல் பெருந்தோட்டம் 2014இல் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அது மாளிகையாரின் செல்வத்தையன்று, அங்கு உழைத்த அடிமைகளின் வாழ்வையே முன்வைத்தது. அந்நெறி நமக்கும் ஏற்றதாம். வெல்லெஸ்லியின் பெயரை அழிக்க வேண்டுவதில்லை. கோயிலை இழந்தோர் வரலாற்றையும் அதனருகே எழுதுதல் வேண்டும்.