குழாயும் பெட்டியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆடித் திருவிழாவுக்கு மைக்செட் கட்டினால், ஒரே நாகஸ்வரம் இரண்டு விதமாகக் கேட்கும். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கனத்த ஒலியை விழுங்கிவிடும். சீவாளியின் கரகரப்பும் மேல்ஸ்தாயிப் பிருகாக்களும் கூர்மையாகி நாலு தெரு தாண்டும். பந்தலுக்குள் உள்ள பெட்டி ஸ்பீக்கரிலோ, தவிலின் தொப்பியில் கழி விழும் ‘தொம்’ நெஞ்சுக்குள் அதிரும்; ஒத்தின் ரீங்காரம் அடியில் வெதுவெதுப்பாகப் படரும்.

எனக்கு இரண்டும் பிடிக்கும். இரண்டையும் இசைய வைப்பது மைக்செட்காரரின் காது. ஆம்ப்ளிஃபயரில் பாஸ், ட்ரெபிள் திருகுகளை மயிரிழை அசைப்பார். தெருக்கோடிவரை நடந்து கேட்டுவிட்டு வந்து, மறுபடி அசைப்பார். அந்தத் தெருவில் தறி நெய்பவர் மிதியை நிறுத்தாமலே, நாடா ஓடும் சத்தத்துக்கு நடுவிலும் கல்யாணி ராகத்தின் ஒவ்வொரு வளைவையும் ரசிக்க முடிகிறதென்றால், அது அந்தப் பொறுமை தந்த சுகம்.