கலப்பவரின் நாக்கு

பீர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நன்றாகக் குளிரவைத்த, பொன்னிறமான, எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே மாதிரி ருசிக்கும் பானம். அந்த மாறாத ருசியைக் காப்பாற்றத்தான் பெரிய ஆலைகள் தங்கள் அறிவையும் பணத்தையும் கொட்டுகின்றன. பெல்ஜியத்தின் லாம்பிக் இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரிலும், அதன் தென்மேற்கே வயல்களும் சிற்றூர்களுமாக விரியும் பயோட்டன்லன்ட் பகுதியிலும், ஸென் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளே இதைக் காய்ச்சுகின்றன. வெவ்வேறு வயதுள்ள லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்து மீண்டும் நுரைக்கவிட்டால் கிடைப்பது கூஸ். பீர் உலகத்தில் ஒப்பிட்டுச் சுவைப்பதற்கென்றே பிறந்த பானம் ஒன்று உண்டென்றால், அது கூஸ்தான் என்பேன்.

பீர் ரசிகர்கள் கூடினால் எந்த ஆலைக்கு முதலிடம் என்ற வாக்குவாதம் ஓயாது. கூஸைப் பொறுத்தவரை அதைவிடச் சுவையான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ஆலைகள் எல்லாம் அதே தானியங்களைக் கொண்டு, அதே முறையில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் காய்ச்சுகின்றன. பிறகு எப்படி ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு தனிக் குணம் வந்துசேர்கிறது? ஒரு புட்டியை மட்டும் குடித்தால் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது தெரியும், அவ்வளவுதான். நான்கைந்து புட்டிகளை அருகருகே வைத்துச் சுவைக்கும்போதுதான் மரமும் காலமும் மனிதரும் தனித்தனியாகப் பிடிபடுகிறார்கள்.

அது பிடிபட, இந்தப் பானம் உருவாகும் விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பார்லி மால்ட்டோடு முளைகட்டாத கோதுமை சேர்கிறது. வழக்கப்படி கோதுமையின் பங்கு 30 விழுக்காட்டுக்குக் குறையாது. ஹாப்ஸ் புதியதாக இருக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் காயப்போட்டு, கசப்பும் மணமும் பெரிதும் அடங்கிய பழைய ஹாப்ஸையே போடுகிறார்கள். கெட்டுப்போகாமல் காக்கும் அதன் சக்தி மட்டும் இங்கே போதும். இந்தச் சாற்றை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, பெரும்பாலும் கூரைக்கு அடியில் இருக்கும், அகலமான, ஆழமில்லாத திறந்த தொட்டியில் ஊற்றுகிறார்கள். அதுதான் கூல்ஷிப். பலகணிகள் திறந்திருக்கின்றன. குளிர்காற்று இரவெல்லாம் சாற்றின்மேல் வீசுகிறது. காற்றிலும் கூரை மரத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் அதில் இறங்குகின்றன. விடியும்போது சாறு ஆறியிருக்கும். அதைப் பீப்பாய்களில் நிரப்பிவிடுவார்கள். ஈஸ்ட் என்று எதையும் யாரும் போடுவதில்லை. நம் வீட்டில் அரைத்து வைத்த இட்லி மாவு, உளுந்தோடும் அரிசியோடும் வந்த நுண்ணுயிர்களால் தானாகப் பொங்குகிறதே, அந்த வழிதான் இதுவும். மாவுக்கு ஓர் இரவு போதும். லாம்பிக் மூன்று ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும்.

கோடையில் கண்டகண்ட பாக்டீரியாவும் பெருகிவிடும் என்பதால், அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட குளிர் மாதங்களில்தான் காய்ச்சுவது வழக்கம். பீப்பாய்க்குள் நடப்பது ஒரு நீண்ட முறைவைப்பு. முதல் சில வாரங்கள் குடல்வகை பாக்டீரியாக்களின் ஆட்சி. அவை ஓய்ந்ததும் சாதாரண பீர் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. அடுத்து லாக்டிக் அமிலம் தரும் பீடியோகாக்கஸ் வந்து புளிப்பேற்றுகிறது. இந்தக் கட்டத்தில் சில பீப்பாய்கள் எண்ணெய்போலக் கொழகொழத்துப் போவதுண்டு. அனுபவமுள்ள ஆலைக்காரர் அதைக் கண்டு பதறுவதில்லை. கடைசியாக வரும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் அந்தக் கொழகொழப்பையும் கரைத்து, வைக்கோலும் பழைய தோலும் குதிரைத் தொழுவமும் கலந்தாற்போன்ற ஒரு வாசனையை விட்டுச்செல்லும். 1904இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசென் அந்த ஈஸ்ட்டுக்குப் பெயரிட்டார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஸென் பள்ளத்தாக்கின் பீப்பாய்களில் அது வேலை செய்துகொண்டிருந்தது.

இப்படி விளைந்த லாம்பிக்கில் நுரை கிடையாது. ஒரு பீப்பாய் எலுமிச்சையாகக் கூர்ந்திருக்கும். அடுத்தது மென்மையாக இருக்கும். மூன்றாவதில் காடியின் நெடி ஏறியிருக்கும். கூஸ் கலப்பவர் ஒவ்வொரு பீப்பாயாகத் திறந்து, முகர்ந்து, சுவைத்து, ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளை எந்த அளவில் சேர்ப்பது என்று முடிவெடுக்கிறார். இளையதில் மிஞ்சியிருக்கும் சர்க்கரைதான் புட்டிக்குள் நுரையை உண்டாக்கும். மூத்ததிலிருந்து ஆழமும் மணமும் வரும். நடுவயதுடையது இரண்டையும் இணைத்துப் பிடிக்கும். இதற்குக் கருவி எதுவும் கிடையாது, நாக்குதான் கருவி. அதனால்தான் கூஸ்களை ஒப்பிடுவது, கடைசியில், சில மனிதர்களின் தீர்மானங்களை ஒப்பிடுவதாக ஆகிவிடுகிறது.

இனி மேசைக்கு வருவோம். கூர்மையின் உச்சியில் நிற்பது கான்டியோன். பிரஸ்ஸல்ஸின் ஆன்டர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கிய குடும்ப ஆலை. நகருக்குள் ஒரு காலத்தில் நிறைந்திருந்த லாம்பிக் ஆலைகளில் அது மட்டுமே எஞ்சியது. 1978 முதல் அது அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. அங்கே சிலந்தி வலைகளைக் கலைக்க மாட்டார்கள். பழ ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும். அவர்களுடைய கூஸ் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளுமாக நேராக நாக்கின் ஓரங்களைத் தாக்கும். இனிப்பு மருந்துக்கும் இருக்காது. விழுங்கியபின் ஒரு துவர்ப்பு நெடுநேரம் தங்கும். முதன்முறை குடிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது கிளாஸில் அந்தச் சுளிப்பு அடங்கி, புளிப்புக்கு அடியில் இருக்கும் தானியத்தின் மென்மையை நாக்கு கண்டுகொள்ளும்.

அதன் பக்கத்தில் லெம்பேக் ஊரின் பூன் ஆலையுடைய கூஸை வையுங்கள். வேறு தேசத்துப் பானமோ என்று தோன்றும். ஃப்ராங்க் பூன் 1970களில், கூஸைக் கேட்பாரற்றுப்போன காலத்தில், இந்தத் தொழிலில் இறங்கியவர். அவரது கூஸ் உருண்டையானது. புளிப்பு உண்டு, ஆனால் அது முன்னால் வந்து நிற்பதில்லை. ஓக் மரத்தின் வெனிலா மணமும் பம்ளிமாஸின் மெல்லிய கசப்பும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. மூன்றாண்டு முதிர்ந்த மென்மையான லாம்பிக் 95 விழுக்காடும் இளையது 5 விழுக்காடும் சேரும் 'மரியாஜ் பார்ஃபே' இந்தப் போக்கின் முழுமை. இந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணம் ஒன்று மரம். கான்டியோன் பெரும்பாலும் ஒயின் இருந்த சிறிய பீப்பாய்களை வைத்திருக்கிறது. பூன் ஆலையில் ஆளுயரத்தைத் தாண்டிய பிரம்மாண்டமான ஓக் கலன்கள். சிறிய பீப்பாயில் பானத்தின் அளவைப் பார்க்க மரத்தின் பரப்பு அதிகம்; அதன் வழியே காற்று கூடுதலாகக் கசியும்; புளிப்பும் கூர்மையும் ஏறும். பெரிய கலனில் எல்லாம் நிதானமாக நடக்கும். இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படிக்கலாம். இரண்டு கிளாஸ்களை மாற்றி மாற்றிச் சுவைத்தால் படிக்காமலே விளங்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் பேர்செல் ஊரின் 3 ஃபொன்டேனன். புளிப்பு, மெல்லிய கசப்பு, தொழுவ வாசனை மூன்றும் ஒன்றையொன்று மீறாமல் நிற்கும் சமநிலை அதனுடையது. அந்தச் சமநிலைக்குப் பின்னால் இருந்தவர் ஆர்மன்ட் டெபெல்டர். 2009இல் அவரது கிடங்கின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, அறை கொதித்து, பல பத்தாயிரம் புட்டிகள் வெடித்தும் கெட்டும் போயின. ஆண்டுக்கணக்கான காத்திருப்பு முழுவதும் வீணாகிவிட்ட நிலையில், மீட்க முடிந்த பீரை வாலையில் வடித்து மதுவாக்கி விற்றார். எஞ்சிய லாம்பிக்கைக் கொண்டு நான்கு பருவங்களின் பெயரில் நான்கு கூஸ்களைக் கலந்தார். தொழிலை மீண்டும் நிமிர்த்தினார். 2022இல் அவர் மறைந்தபோது பீர் உலகமே துக்கம் கொண்டாடியது. அவர் கலந்து வைத்த புட்டிகள் இன்னும் சிலருடைய நிலவறைகளில் இருக்கின்றன. நல்ல கூஸ் இருபது ஆண்டுகள்கூடத் தாங்கும்.

ஜிரார்டின் இன்னொரு குணம். சின்ட்-உல்ரிக்ஸ்-கப்பெல்லெ ஊரில் 1882 முதல் இருக்கும் பண்ணை ஆலை. கறுப்புச் சீட்டு ஒட்டிய, வடிகட்டாத அதன் கூஸில் ஈரமண்ணும் நிலவறையும் மணக்கும். நகரத்து நாசூக்கு அதில் இல்லை. எனக்கு அதனாலேயே பிடிக்கும். லின்டமான்ஸ் ஆலையை உலகம் இனிப்பான பழ பீர்களுக்காக அறியும். அதே ஆலையின் 'க்யூவே ரெனே'யை வாங்கிப் பாருங்கள். இனிப்பே இல்லாத, தெளிவான, விலையிலும் எளிய பழைய பாணிக் கூஸ் அது. ஓர் ஆலையைப் பெயரை வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு அந்தப் புட்டியே சாட்சி.

ஒப்பிடும் கலையின் உச்சம் என்று நான் கருதுவது வேறொரு ஜோடி. லாம்பிக் நாட்டில் காய்ச்சாமல் கலக்க மட்டும் செய்யும் கலப்பகங்கள் உண்டு. மற்ற ஆலைகளிடமிருந்து புதிய சாற்றை வாங்கிவந்து தங்கள் பீப்பாய்களில் முதிரவிடுவார்கள். 2011இல் முதல் கூஸை வெளியிட்ட டில்கன் அப்படிப்பட்டது. வெவ்வேறு ஆலைகளின் சாறுகள் அங்கே ஒன்றுசேர்ந்து, தேன் சாயல் கொண்ட இலகுவான பானமாகின்றன. 1882இல் தொடங்கிய அவுட் பேர்செல் ஆலையின் கதை இதைவிட நெகிழ்வானது. 2002இல் அது மூடப்பட்டது. அதன் பீரை நேசித்த கெர்ட் கிறிஸ்டியான்ஸ் என்ற இளைஞர், அது அழியப் பொறுக்காமல் தொழிலைக் கற்று, 2005இல் மீண்டும் திறந்தார். இப்போது அவர்களுக்கான சாறு காய்வது பூன் ஆலையில், முதிர்வது பேர்செலில். ஆகவே பூன் கூஸையும் அவுட் பேர்செல் கூஸையும் அருகருகே வைத்தால், கொதித்த இடம் ஒன்று, குளிர்ந்த இரவுக்காற்றும் ஒன்று. மிஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் பீப்பாயுடையதும் கலப்பவருடையதும்தான். பேர்செல் புட்டியில் தொழுவ வாசனை சற்றுத் தூக்கலாக, துவர்ப்பு சற்று உறுதியாக இருப்பதை அந்த மேசையில் உட்காரும் யாரும் உணரலாம்.

இந்தப் பள்ளத்தாக்கின் காற்றில் மட்டுமே இப்படி ஒரு பானம் விளையும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2007இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அலகாஷ் ஆலை தனக்கென்று ஒரு கூல்ஷிப்பை அமைத்துக் காற்றுக்குத் திறந்துவிட்டது. அங்கும் ஏறத்தாழ இதே வரிசையில் நுண்ணுயிர்கள் வந்தன. அருமையான பீர் விளைந்தது. இதனால் பள்ளத்தாக்கின் பெருமை குறைந்துவிடவில்லை. காற்று எல்லா ஊரிலும் உண்டு. தலைமுறைகளாகப் பழகிய மரமும், எந்தப் பீப்பாயை எதனுடன் சேர்ப்பது என்று அறிந்த நாக்கும் எல்லா ஊரிலும் இல்லை.

அந்த நாக்குகள் அழிந்துபோக இருந்தன. இரண்டு உலகப் போர்களும் இனிப்புப் பானங்களின் வருகையும் கலப்பகங்களை ஒவ்வொன்றாக மூடவைத்தன. பாடகரின் பெயரைக் கொண்ட ஆங்கில பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன், 1977இல் வெளியான தன் உலக பீர் கையேட்டிலும் அதன் பிறகும் பெல்ஜிய பீர்களைப் பற்றி எழுதி எழுதியே வெளிநாட்டு ரசிகர்களை இந்தச் சிற்றூர்களுக்கு வரவைத்தார். 1997இல் லாம்பிக்காரர்கள் ஹோரல் என்ற அமைப்பாகத் திரண்டார்கள். அதே ஆண்டில் பழைய பாணிக் கூஸுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் கிடைத்தது. இனிப்பூட்டிய பானத்துக்கு அந்தப் பாணியின் பெயரை ஒட்ட முடியாது. ரசிகர்கள் ஒப்பிட்டுப் பார்த்து வேறுபாட்டைக் கேட்டு வாங்கியதால்தான் இவ்வளவும் நடந்தது.

ஆகையால் ஒப்பிடுவதை முறையாகச் செய்ய வேண்டும். மதிப்பெண் போடும் அவசரத்தில் ரசிகர்கள் அரிய புட்டிகளின் பின்னால் ஓடுகிறார்கள். கிடைக்காதது என்பதாலேயே ஒரு பானம் சிறந்ததாகிவிடாது. எளிதில் கிடைக்கும் மூன்று நான்கு கூஸ்கள் போதும். பனிக்குளிர் ருசியைக் கொன்றுவிடும். நிலவறைக் குளிர்ச்சி, அதாவது 12 டிகிரி அளவு, சரியாக இருக்கும். மென்மையானதிலிருந்து கூரியதை நோக்கிப் போங்கள். கான்டியோனில் தொடங்கினால் மற்றவை வெறும் தண்ணீராகத் தெரியும். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் புட்டியைச் சிறு கூடையில் சாய்த்தபடி வைத்து, அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் ஊற்றுவார்கள். பக்கத்தில் ரொட்டியும், முள்ளங்கி தூவிய புது வெண்பாலாடைக்கட்டியும் வைத்துக்கொள்வார்கள். முதலில் முகருங்கள். பிறகு புளிப்பை மட்டும் கவனியுங்கள்: மோர்போல மென்மையாக இருக்கிறதா, காடிபோல மூக்கில் ஏறுகிறதா? அடுத்து துவர்ப்பு, அது மரத்தின் பங்கு. கடைசியில், விழுங்கியபின் என்ன தங்குகிறது என்பது. பெயர்களை மறைத்துச் சுவைத்தால் நாக்கு இன்னும் நேர்மையாகப் பேசும்.

ஹோரல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் 'டூர் டி கூஸ்' நாள்களில் ஆலைகள் கதவுகளைத் திறந்துவிடுகின்றன. ரசிகர்கள் பேருந்துகளில் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். அந்த விழாவுக்காக உறுப்பினர்களின் லாம்பிக்குகள் எல்லாவற்றையும் கலந்து ஒரு பொதுக் கூஸையும் வெளியிடுகிறார்கள். போட்டியாளர்கள் தங்கள் பீப்பாய்களை ஒரே புட்டிக்குள் சேர்ப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆலைகளைத் தனித்தனியே சுவைத்துப் பழகியவருக்கு அந்தக் கலவைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது கேட்கும். பழகாதவருக்கு அது இன்னொரு புளித்த பீர். ஒப்பிடுவதன் பயன் இதுதான். யார் முதல், யார் கடைசி என்று வரிசைப்படுத்துவதற்காக அல்ல, ஒவ்வொருவரையும் அவரவர் குரலால் அடையாளம் காண்பதற்காகவே அருகருகே வைத்துச் சுவைக்கிறோம். தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் பரிந்துரை: பூன் ஒன்று, அவுட் பேர்செல் ஒன்று, இரண்டு கிளாஸ்கள், அவசரமில்லாத ஒரு மாலை.