எந்த விளையாட்டுக்கு எந்தப் பெட்டி

பழைய டொஸ் விளையாட்டுகளின் இசையைப் பழைய மிடி ஒலிப்பெட்டியில் (கணினி அனுப்பும் சுரக்குறிப்புகளை வாத்திய ஒலியாக்கும் கருவியில்) கேட்க ஆசைப்படுகிறவர்கள் எங்கள் கல்முனைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்துப் பெயரை. என்ன விளையாடப்போகிறோம் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அங்கேதான் காசு வீணாகிறது.

1987இல் வந்த றோலண்ட் எம்.ரி-32, 1991இல் வந்த எஸ்.சி-55 இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெட்டிகள். ஆனாலும் ஒன்றுக்கு எழுதிய இசை மற்றதில் சரிவராது. எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்ற பொது ஒழுங்கான ஜெனரல் மிடி 1991இல்தான் பிறந்தது. அதற்கு முன் சியெரா நிறுவனம் தன் விளையாட்டுகள் தொடங்கும்போதே தான் வடிவமைத்த ஒலிகளை எம்.ரி-32க்குள் ஏற்றிவிடும். வில்லியம் கோல்ட்ஸ்டீன் இசையமைத்த கிங்ஸ் குவெஸ்ட் 4 (1988) அந்தப் பெட்டியை மனதில் வைத்தே செய்யப்பட்டது. எஸ்.சி-55இலும் எம்.ரி-32 முறை என்று ஒன்று உண்டு. அது வாத்திய வரிசையை மாற்றித் தரும். ஏற்றி அனுப்பும் ஒலிகளை வாங்கிக்கொள்ளாது. அந்த இடங்களில் பொருந்தாத வாத்தியம் ஏதாவது ஒலிக்கும்.

1993இல் வந்த டூம் மறுபக்கம். பொபி பிரின்ஸ் அதற்கு எஸ்.சி-55ஐ வைத்து இசையமைத்தார். இங்கே நாங்கள் கேட்டதோ மலிவான சவுண்ட் பிளாஸ்டர் வகைக் கார்டுகளின் எஃப்.எம். செயற்கை ஒலி. முதற்கட்டத்தின் கிட்டார் அதில் தகரப் பேணிக்குள் அகப்பட்ட வண்டாக இரையும். எஸ்.சி-55இல் கிட்டாரின் கரகரப்பு ஒருபுறம், பேஸின் அடி ஒருபுறம் என்று பிரிந்து கேட்கிறது. தாளம் நெஞ்சில் இறங்குகிறது.

இதனால்தான் ‘அசல் ஒலி’ என்ற வாதத்தைப் பாதிதான் ஏற்கிறேன். அது இசையமைத்தவர் கேட்ட ஒலி. நாங்கள் கேட்டு வளர்ந்தது வேறு. சிறுவயதைத் திரும்பக் கேட்க நினைப்பவருக்கு ஒரு பழைய எஃப்.எம். கார்டே போதும். பெட்டி தருவது புதிதாகக் கேட்கும் அனுபவம், அதற்காக வாங்கினால் ஏமாற்றமில்லை.

கடற்கரை ஊர்க்காரர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உப்புக்காற்று இணைப்புத் துளைகளைத் துருவேற்றும். முப்பது வருடம் கடந்த கப்பாசிற்றர்கள் கசியலாம். யப்பானிலிருந்து வரும் பாவித்த பெட்டியின் அடப்டர் 100 வோல்ற்றுக்கானது. எங்கள் 230இல் நேரே செருகினால் அதோடு சரி. மாற்று அடப்டரிலும் கவனம் வேண்டும். இப்பெட்டிகளுக்கு 9 வோல்ற், முள்ளின் நடுவில் எதிர்முனை. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நடுவில் நேர்முனை கொண்டவை.

என் தெரிவைச் சொல்கிறேன். எம்.ரி-32க்கு மண்ட் என்ற மென்பொருள் போதும். அந்தப் பெட்டியை மிக நெருக்கமாகப் போலச் செய்கிறது. அதற்கு வேண்டிய றொம் கோப்புகளின் உரிமை றோலண்டுடையது என்பதை மறக்கக் கூடாது. பெட்டியே வேண்டுமென்றால் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். துளையில்லாத முதற்பதிப்பு, வேகமாகத் தரவு அனுப்பும் பிந்திய விளையாட்டுகளில் தடுமாறும். ஆனால் ஆரம்பகால விளையாட்டுகள் சில அதற்கென்றே எழுதப்பட்டவை.

கையில் பெட்டியாக வைத்திருக்க நான் சொல்வது எஸ்.சி-55. 16 பகுதிகள், ஒரே நேரத்தில் 24 குரல்கள்; விளையாட்டு அலுத்த பின்பும் கல்யாண வீட்டில் கீபோட் வாசிக்கிறவர் அதை வாங்கிக்கொண்டு போவார்.