தூய மார்ட்டினின் இரண்டு ஆடைகள்

நவம்பர் 11ஆம் நாள் தூய மார்ட்டினின் நினைவு நாள். 1483இல் அந்நாளில் ஞானஸ்நானம் பெற்றமையாலேயே லூத்தருக்கு மார்ட்டின் எனப் பெயரிடப்பட்டது. இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள தூர் நகரின் பேராயராயிருந்து 397இல் மறைந்த இவ்வடியாரை நாம் அறிவது பெரிதும் இவருடைய சீடர் சுல்பீசியஸ் செவரஸ் இலத்தீனில் வரைந்த நூல்களால் ஆகும்.

ஆமியேன் நகர வாயிலில், குளிரில் வாடிய ஏழைக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக்கிப் பாதியை ஈந்த போர்வீரராகவே உலகம் இவரை நினைக்கிறது. பாதி மட்டுந்தானா என வினவுவோர், ஏனையவற்றை அவர் முன்னரே ஈந்துவிட்டார் என்னும் ஆசிரியர் குறிப்பைக் காணத் தவறுகின்றனர். அன்றிரவே கிறிஸ்து அப்பாதியங்கியை அணிந்தவராய்க் கனவில் தோன்றினார் என்கிறார் ஆசிரியர். இங்குதான் நமக்குத் தயக்கம் எழுகிறது. நீதிமான்கள் தாம் எவருக்குச் செய்தோம் என்பதை நியாயத்தீர்ப்பு நாள்வரை அறியார் (மத். 25:37). சுல்பீசியஸோ ஓரிரவும் பொறுத்திலர். மார்ட்டின் செருக்குறவில்லை என அவர் எழுதினும், படிப்போர் ஈகையினும் கனவையே பற்றிக்கொள்கின்றனர். பிராங்கிய மன்னர்கள் அவ்வங்கியைத் திருப்பண்டமாகக் காத்தனர். சிற்றாலயத்தைக் குறிக்கும் ‘சாப்பல்’ என்னும் சொல்லும் அதனின்றே பிறந்தது.

சுல்பீசியஸின் ‘உரையாடல்கள்’ நூலிலோ நாம் அருளுரைகளில் அரிதாகவே கேட்கும் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. ஆராதனைக்குச் செல்லும் பேராயரை ஆடையற்ற ஏழையொருவர் எதிர்ப்படுகிறார். அவருக்கு உடை வழங்குமாறு தலைமை உதவிகுருவிடம் மார்ட்டின் பணிக்கிறார், அவர் காலந்தாழ்த்துகிறார். ஏழை மீண்டும் வந்து முறையிடவே, மார்ட்டின் தம் உள்ளாடையை மறைவாகக் களைந்து கொடுத்துவிடுகிறார். சபையார் காத்திருப்பதை உதவிகுரு நினைவூட்ட, ஏழைக்கு உடை கிடைத்தாலன்றித் தாம் ஆலயத்துள் வர இயலாது என்கிறார் பேராயர். உதவிகுரு சினத்துடன் மலிவான முரட்டாடையொன்றை வாங்கிவந்து, ஏழையைக் காணோம் என்று அவர் காலடியில் எறிகிறார். அவ்வாடையை உள்ளே அணிந்துகொண்டு மார்ட்டின் திருப்பீடத்தில் நிற்கிறார். அந்த ஏழை அவரே!

இங்கும் பேராயரின் தலைமீது ஒளி தோன்றியதாக ஆசிரியர் கூட்டுகிறார். அவ்வொளியின்றியே நிகழ்ச்சி நிறைவுபெறுகிறது. முன்னவர் இன்னும் ஞானஸ்நானம் பெறாத வீரர். பின்னவரோ நம்மைப் போன்ற ஊழியர். கட்டளையிட்டதோடு தம் கடமை தீர்ந்ததென அவர் எண்ணவில்லை. நாமோ தீர்மானம் நிறைவேற்றி, பொறுப்பை ஒரு குழுவினிடம் ஒப்படைத்து, அமைதியாகத் திருவிருந்துக்குச் செல்கிறோம். ஏழை உடை பெற்றாரா என்று பீடத்தருகே நிற்கும்போது வினவுகிறோமா? மார்ட்டினை நினைவுகூரும் நாளில் நாம் விளக்கவேண்டிய பகுதி இதுவே.