சொனியின் கடிதமும் ஸ்கார்மன் அறிக்கையும்

1981 ஏப்பிரலில் இலண்டன் மாநகரின் பிரிக்ஸ்டன் பகுதியில் மூண்ட கிளர்ச்சியை ஆராய்வோர், அவ்வாண்டு நவம்பரில் வெளியான ஸ்கார்மன் பிரபுவின் விசாரணை அறிக்கையிலிருந்தே தொடங்குவர். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, ஜமெய்க்காவிற் பிறந்து சிறுவயதில் இலண்டனுக்கு வந்த கவிஞர் லிண்டன் குவெசி ஜோன்சன் 'சொனியின் கடிதம்' என்ற பாடலை இசைத்தட்டில் வெளியிட்டிருந்தார். பொலிசாருக்கும் கறுப்பின மக்களுக்குமிடையிலான உறவின் இயல்பை உணர்த்துவதில் அறிக்கையிலும் பாடலே மேலானது என்பது எமது துணிபு.

சொனி பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து தாய்க்கு எழுதுகிறான். பார்த்துக்கொள்வதாக அவளுக்கு வாக்களித்த சிறுவன் ஜிம்முடன் மாலையில் பஸ்ஸுக்காக நின்றபோது பொலிசார் வந்து ஜிம்மைப் பிடித்து அடிக்கின்றனர். சொனி எதிர்த்துத் தாக்க, ஒரு பொலிஸ்காரர் இறந்துபோகிறார். சொனி மீது கொலைக்குற்றம். ஜிம் மீது 'சஸ்', அதாவது சந்தேக நபர் என்ற குற்றம்.

பஸ் தரிப்பிடம் தற்செயலான களமன்று. 'சஸ்' என்பது 1824ஆம் ஆண்டின் அலைந்துதிரிவோர் சட்டத்தின் நான்காம் பிரிவு. நெப்போலியப் போர்களின் பின் வீதிக்கு வந்த வறியோரை அடக்க எழுந்தது. ஒருவன் குற்ற நோக்குடன் நின்றான் என்று இரு பொலிசார் சாட்சி கூறினாற் போதும். பாதிக்கப்பட்டவர் எவரும் தேவையில்லை. அத்தகைய சட்டத்தின் கீழ் காத்துநிற்றலே குற்றமாகிவிடும். தனிப்பட்ட பொலிஸ்காரரின் குரூரத்தையன்றி, அதற்கு இடமளித்த சட்டப் பொறியையே கவிஞர் காட்டுகிறார்.

ஸ்கார்மன் இதன் விளிம்புவரை வந்தவர். கிளர்ச்சிக்குச் சில நாள்கள் முன் தொடங்கிய 'சுவாம்ப் 81' நடவடிக்கையில் 943 பேர் மறிக்கப்பட்டு 118 பேரே கைதானதை அவர் பதிவுசெய்தார்; அந்நடவடிக்கையைத் தவறென்றும் கண்டித்தார். எனினும், நிறுவனமயப்பட்ட இனவாதம் பிரித்தானியாவில் இல்லை என்றே முடித்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்று, 1958 இனக்கலவரத்தின் பின் இலண்டன் சென்ற அ. சிவானந்தன் 1985இல் இம்முடிபைக் கடுமையாக விமர்சித்தார். அரச அதிகாரம் பற்றிய வினா தனிமனித மனச்சாய்வு பற்றிய வினாவாகச் சுருங்கியது. மனங்களைத் திருத்தும் பயிற்சி வகுப்புகளே அதன் விளைவு என்பது அவர் வாதம்.

பாடலிலும் குறையுண்டு. அதில் தாய் கடிதம் பெறுபவள் மட்டுமே. உண்மையில் 'சஸ்' சட்டத்துக்கெதிரான இயக்கத்தில் தென் இலண்டனின் கறுப்பினத் தாய்மார் முன்னின்றனர். பொலிஸ் நிலையங்களுக்கு அலைந்து பிள்ளைகளை மீட்டவர்கள் அவர்களே. இச்செயலூக்கம் ஜோன்சனின் பார்வைக்கு எட்டவில்லை. ஆணின் சீற்றமும் பெண்ணின் துயரும் என்ற பழைய பிரிவினை முற்போக்குக் கவிதையிலும் எத்துணை எளிதாக நுழைந்துவிடுகிறது!

'சஸ்' 1981இல் நீக்கப்பட்டது. ஆயினும் மறித்துச் சோதிக்கும் அதிகாரம் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் விரிவாக இடம்பெற்றது. 1993இற் கொலையுண்ட ஸ்டீபன் லோரன்ஸ் தொடர்பான மக்பர்சன் அறிக்கை, ஸ்கார்மன் மறுத்த சொல்லை 1999இல் ஏற்றது. 2023இல் கேசி அறிக்கையும் அச்சொல்லையே வழங்கியது. இலண்டன் பொலிஸ் ஆணையாளரோ அதைத் தாம் பயன்படுத்தப்போவதில்லை என்றார்.